வலது ரூமில் தூண் வேண்டாம்

போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். ரங்கூன் மிங்கலாடோன் விமான நிலையத்தில், விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹாங்கரில் தேநீர், சமோசா, ஒரு சுவர்க்கடிகாரம் என்று எல்லாம் முறைப்படி நடந்தது. ஓய்வு பெறுகிறவனுக்குப் போய் எதற்குக் கடிகாரம் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விழா முடிந்ததும், என்னோடு பல வருஷம் வேலை பார்த்த கோ மின் என்னை ஓர் இன்டர்நெட் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். நம்ம தமிழ்ப் பிள்ளைதான், வீட்டில் பெயர் முருகேசன். தமிழ் நன்றாகப் புரியும். பேச ஆரம்பித்தால் பாதி வழியில் பர்மியத்தில் இறங்கிவிடுவான்.

"ஊலே, இதப் பாருங்க" என்று கம்ப்யூட்டரைக் காட்டினான். ஊலே என்றால் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாமும்தான். அவன் காட்டியது வீட்டிலேயே பூட்டிக்கொள்ளக்கூடிய சின்ன விமானம் விற்கும் கம்பெனி ஒன்றின் பக்கம். பாகம் பாகமாகப் பெட்டியில் வரும், வாங்குகிறவன் உட்கார்ந்து கோக்க வேண்டும். எஞ்சின் எது, சக்கரம் முன்னாலா பின்னாலா, இருக்கை எப்படி, நிறம் என்ன என்று ஒவ்வொன்றாகத் தட்டத் தட்டப் படம் மாறியது. கரண்டு போவதற்குள் அவன் ஒரு விமானத்தை முடித்துவிட்டான்.

"ஊலே, நீங்களும் ஒண்ணு செலக்ட் பண்ணுங்க."

"நான் எப்பவோ பண்ணிட்டேன்டா" என்றேன்.

கேலி பண்ணுகிறேன் என்று நினைத்து அவன் சிரித்தான். கேலி இல்லை. எனக்கும் என் மேலதிகாரிக்கும் அந்தக் காரியத்துக்குப் பத்து வருஷம் ஆயிற்று. முடித்தும் இருந்தோம். "அப்ப எழுதுங்க ஊலே" என்றான் அவன். எழுதுகிறேன்.

என் தாத்தா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். நான் விமானத்தில் போய்ச் சேர்ந்தேன். "தண்ணி, தரை, ஆகாசம் மூணும் ஆச்சு, உன் மகன் எங்கடா போவான்?" என்று அப்பா கிண்டல் பண்ணுவார். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ராவினேன், துடைத்தேன், திட்டு வாங்கினேன், பாஸ் பண்ணினேன். ஷண்முகம் என்ற பெயர் ஹாங்கரில் யார் வாயிலும் நுழையாததால் கோ ஷான் ஆனேன், கோ என்றால் அண்ணன். ஷான் மாநிலத்திலிருந்து வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் தயங்கிப் போவார்கள்.

விமானத்தின் உடம்பு என் வேலை. இறக்கை, தோல், கதவு, சக்கரம். என் கையால் சரிபார்த்த விமானங்கள் எத்தனையோ மேலே போயின. நான் கீழே நின்று கையாட்டினேன். சோதனை ஓட்டங்களில் பின்னால் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். அது சந்தையிலிருந்து வாழைத்தார் வருகிற மாதிரி வருவது. முன்னால் உட்கார்ந்து, எதிரே கண்ணாடி வழியாக மேகம் வருவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உயிர் போகிற ஆசை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மெக்கானிக் சொன்னால் சிரிப்பார்கள்.

ஹமீது ஸயா எங்கள் தலைமை என்ஜினியர். இந்த நாட்டில் வாத்தியாரையும் மேலதிகாரியையும் ஒரே சொல்லால் ஸயா என்போம். காயல்பட்டினத்துப் பூர்வீகம், அவருடைய வாப்பாவுக்கு ரங்கூன் பசுந்தாங் பேட்டையில் ஒரு குடைக்கடையில் பங்கு இருந்தது. மகன் குடை விற்காமல் என்ஜினியராகிப் போனார். இளவயதில், ஊரில் பறக்கும் கிளப் ஒன்று இருந்த காலத்தில், தனியாக விமானம் ஓட்டியவர். பிறகு அந்தக் கிளப்பை மூடிவிட்டார்கள். அதைப் பற்றி அவர் ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். "கீழ இருந்து பாத்தா ஆறு வளைஞ்சு போறது தெரியாது, ஷண்முகம்." என் பெயரை முழுசாகச் சொல்லுகிற ஒரே ஆள் அவர்தான்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு வேலை முடிந்தது என்று போய்ச் சொன்னால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி லுங்கி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு வருவார். ரிவெட் வரிசைமீது சுண்டுவிரல் நகத்தின் பின்பக்கத்தை ஓடவிடுவார். நகம் எங்கேயாவது தட்டினால் நின்று என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நாலு திட்டே மேல். அவருக்கென்று ஒரு கேள்வி இருந்தது. யார் எந்தப் பொருளைப் புதிதாக விமானத்தில் மாட்டச் சொன்னாலும், "எத்தனை பவுண்டு?" என்பார். மேலிடத்திலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் உள்ளே கெட்டித் திரை போடச் சொன்னபோதும், கை கட்டிக்கொண்டு அதையே கேட்டார். திரை வரவில்லை.

எண்பத்தெட்டில் ஆட்சியை எதிர்த்து ஊர் கொந்தளித்து எல்லாம் நின்றது. விமானங்கள் தரையில் வரிசையாகக் கிடந்தன. ஹாங்கரில் செய்ய ஒன்றும் இல்லை, ஆனால் போகாமலும் இருக்க முடியாது. அந்த நாட்களில்தான் ஸயா மேசை டிராயரிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். ஒப்பந்தத்துக்கு வந்துபோன வெளிநாட்டு என்ஜினியர் ஒருவர் விட்டுப்போனது. அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரு குட்டி விமானத்தின் விளம்பரம். இரண்டு பேர் போகலாம். கீழே, என்னென்ன வகை உண்டு, எது வேண்டும் என்று வாங்குகிறவர் குறித்து அனுப்ப வேண்டிய பட்டியல்.

"சும்மாதானே இருக்கோம். இத நாம வாங்குறதா வச்சுக்குவோம். எதெது போடுவோம்?"

அப்படித்தான் விளையாட்டாகத் தொடங்கியது.

விளையாட்டு என்று வெளியே சொல்லத்தான் முடியாது. செப்டம்பரில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஹாங்கர் வாசலில் துப்பாக்கியோடு ஆள் நின்றது. அஞ்சு பேர் கூடி நின்றாலே குற்றமாக இருந்த நேரம். இரண்டு காலாக்கள், அதாவது இந்தியர்கள், சொந்தமாக விமானம் கட்டப்போகிறார்கள் என்று ஒரு சொல் வெளியே போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. நாங்கள் தமிழில் பேசிக்கொண்டோம், யாருக்குப் புரியும் என்ற தைரியம். ஒருநாள் பசுந்தாங் டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து மேசைக்காரர் திரும்பினார்.

"என்னமோ றெக்கைன்னு காதுல விழுந்துச்சே பாய்?"

நான் டீக்கோப்பையைக் கீழே வைத்தேன். ஸயா அசையவில்லை.

"வீடு கட்டலாம்னு இருக்கோம். கூரைய ரெண்டு பக்கமும் றெக்கை மாதிரி இறக்கணும்னு இவரு சொல்றாரு. எனக்கு இஷ்டமில்ல."

"இறக்காதீங்க. மழைக்கு ஒழுகும். நமக்குத் தெரிஞ்ச கொத்தனார் ஒருத்தர் இருக்காரு, அனுப்பவா?"

கொத்தனாரிடமிருந்து தப்பித்து வெளியே வந்ததும் ஸயா வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து அது வீடு ஆயிற்று. இறக்கை கூரை. எஞ்சின் அடுப்பு. பெட்ரோல் டாங்கி தண்ணித்தொட்டி. இருக்கை ரூம். ஓட்டுகிறவனின் இரண்டு கால்களுக்கு நடுவே நிற்கிற, அவன் கையில் பிடித்துத் திருப்புகிற கண்ட்ரோல் ஸ்டிக்குக்குத் தூண் என்று பெயர் வைத்தோம்.

விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கிய பிறகும் பேச்சு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போவேன். பசுந்தாங்கில் மூன்றாவது மாடி. குறுகலான மரப்படி, இருட்டு. எங்கள் ஊர் மாடிவீடுகள் எல்லாவற்றிலும் போல, பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், மேல் நுனியில் மணி. கயிற்றை இழுத்தால் ஸயாவின் சம்சாரம் ஜொஹரா அக்கா எட்டிப் பார்த்து, சாவியைக் கயிற்றிலேயே கட்டி இறக்குவார். முட்டிவலிக்காரர், அவசியம் இல்லாமல் படி இறங்க மாட்டார். காய்கறி, மீன், சோப்பு எல்லாம் அந்தக் கயிற்றில்தான் ஏறும். "உங்க ஸயாவையும் ஒருநாள் இதுலயே இறக்கி விட்டுறலாம்னு பாக்குறேன், ஞாயித்துக்கிழமையாச்சும் வீடு எனக்குன்னு இருக்கும்" என்பார்.

அக்காவுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று ஸயா முடிவு செய்திருந்தார். "தெரியாதவங்கள யாரும் ஒண்ணும் கேக்க முடியாது." ஆனால் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே இருந்தது ஒரு திரை. நாங்கள் வீட்டைப் பற்றிப் பேசினோம், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் உள்ளே இருந்து கருத்தும் வரத் தொடங்கியது.

முதலில் வந்தது தண்ணித்தொட்டிக்கு. பெட்ரோலை இறக்கைக்குள் வைப்பதா, முன்னால் கால்மாட்டில் வைப்பதா என்று எங்களுக்குள் வாதம்.

"கூரையில தொட்டி வச்சா நல்லது, ஸயா" என்றேன்.

"மேலயே வைங்க" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல். "கீழ வச்சா எலி விழும்."

ஸயா கண்ணாடியைத் துடைத்தார். "ஜொஹரா சொல்றது சரிதான்" என்றார். பெட்ரோல் இறக்கைக்குப் போயிற்று.

பிறகு நிறம். "பச்சை அடிங்களேன், குளுமையா இருக்கும்" என்றார் அக்கா. "இந்த ஊர்ல பச்சை வேற ஆளுங்களோட கலரு" என்றார் ஸயா, பட்டாளத்தை மனதில் வைத்து. வெள்ளை என்று முடிவாயிற்று. ஜன்னலுக்குத் திரை தைத்துத் தருகிறேன் என்று அக்கா சொன்ன அன்று ஸயா பழக்கதோஷத்தில் "எத்தனை பவுண்டு?" என்று கேட்டுவிட்டார்.  திரைக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

இதெல்லாம் விளையாட்டாகத் தெரியும். கணக்கு விளையாட்டு இல்லை. விமானத்தை எடை போடுவது எப்படி என்றால், மூன்று சக்கரங்களுக்கும் கீழே மூன்று தராசு வைத்து, ஹாங்கர் கதவுகளை இழுத்து மூட வேண்டும். மெல்லிய காற்று வந்தால்கூட இறக்கை கொஞ்சம் தூக்கிக் கணக்கைப் பொய்யாக்கும். ஒவ்வொரு எடையையும், அது மூக்கு நுனியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் மொத்தப் பாரமும் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும். அந்த இடம் ஒரு சின்ன எல்லைக்குள் இருக்க வேண்டும். முன்னால் தள்ளினால் மூக்கு எழும்பாது. பின்னால் தள்ளினால் எழும்பும், பிறகு அடங்காது. இல்லாத விமானத்துக்கு, அதன் ஒவ்வொரு பாகத்துக்கும், ஸயா இந்தக் கணக்கைப் போட்டார். ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். போட்டார்.

ரொம்ப நாள் இழுத்தது அடுப்புதான். பட்டியலில் இரண்டு எஞ்சின் இருந்தது. சின்னது லேசானது, மலிவு, ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக்கூடிய ஜாதி. பெரியது நம்பகமானது, மோட்டார் காருக்கு ஊற்றுகிற பெட்ரோலைக் குடிக்கும். எங்கள் ஊரில் அது முக்கியம். ரேஷன் போக, தெருவோரத்தில் பாட்டிலில் வைத்து விற்பதைத்தான் வாங்க வேண்டும், அதிலும் பாதி என்ன கலந்திருக்கிறார்கள் என்று அந்த அல்லாவுக்குத்தான் தெரியும் என்பார் ஸயா. ஆனால் பெரியதைப் போட்டால் பாரம் மூக்குக்கு ஓடியது. பாட்டரியைப் பின்னால் தள்ளினோம். தள்ளினால் நீளமான தடித்த வயர் தேவைப்பட்டது, அந்த வயருக்கு ஒரு எடை. இருக்கையைப் பின்னால் நகர்த்தினால் கால் எட்டவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க இதுவே. நான் சலித்துப்போய்ச் சின்னதையே போட்டுவிடலாம் என்றேன்.

"கடலுக்கு மேல நின்னுச்சுன்னா?"

"நாம எதுக்கு ஸயா கடலுக்கு மேல போறோம்?"

"போகாம எதுக்குக் கட்டுறோம்?" என்றார்.

அந்த வருஷம்தான் எனக்கு முதல்தடவையாகப் பட்டது, இந்த மனிதர் விளையாடவில்லை என்று. நானும் விளையாடவில்லை. கடைசியில் இரண்டு இருக்கைகளுக்கும் பின்னால் பாட்டரிக்கு ஓர் இடம் கண்டுபிடித்து, வயரை வளைக்காமல் நேராகக் கொண்டு போய், பாரத்தை எல்லைக்குள் கொண்டுவந்தார். "பெரிய அடுப்பே வைங்க, நாலு பேரு வந்தா சின்ன அடுப்புல எப்படி ஆக்குறது?" என்று அக்காவும் அன்று சொன்னது ஞாபகம்.

இருக்கைகள் ஒன்றின் பின் ஒன்றா, பக்கத்தில் பக்கத்திலா என்றும் பட்டியலில் இருந்தது. ஒன்றின் பின் ஒன்று வைத்தால் உடம்பு ஒல்லியாகும், வேகம் கிடைக்கும். ஸயாவுக்கு வேகம் பிடிக்கும். ஆனால் ஒரே நொடியில் சொன்னார், "ரெண்டு ரூமும் பக்கத்துல பக்கத்துல." நான் உள்ளுக்குள் துள்ளினேன். இடது இருக்கை அவருக்கு. வலது இருக்கை வேறு யாருக்கு இருக்கும்? என்னோடுதானே உட்கார்ந்து ஒவ்வொரு ஆணியையும் தேர்ந்தெடுக்கிறார்? அன்று முதல் வேலைக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே நான் அந்த வலது இருக்கையில் உட்கார்ந்து போனேன்.

அடுத்து தூண். லுங்கி கட்டுகிற ஊரில் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு கம்பு நின்றால் எப்படி உட்காருவது என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். ஓட்டும்போது பேண்ட் போட்டுக்கொள்ளலாம் என்று அதற்கு வழியும் சொல்லியிருந்தேன். விமானத்தில் இரண்டு பக்கமும் ஸ்டிக் வரும், வேண்டாதவர்கள் வலது பக்கத்தில் உள்ளதை எடுத்துவிடலாம் என்று பட்டியலில் போட்டிருந்தது. அதற்கு வந்தபோது ஸயா சொன்னார்:

"வலது ரூம்ல தூண் வேணாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் பேண்ட்தானே ஸயா போடுவேன்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இருக்கட்டும். ரெண்டு பவுண்டு மிச்சம்."

இரண்டு பவுண்டு! அதே நாளில், வலது பக்கம் ஏறுவதற்கு வெளியே ஒரு படி வேண்டும் என்று தனியாகச் சேர்த்தார். எனக்கு எதற்குப் படி? ஏணி இல்லாமல் இறக்கைமேல் தாவி ஏறுகிறவன் நான். "படி எத்தனை பவுண்டு, ஸயா?" என்று அவருடைய கேள்வியை அவரிடமே கேட்டேன். அவர் பட்டியலில் அடுத்த வரிக்குப் போய்விட்டார். வலது இருக்கையில் என்னை உட்கார வைப்பார், ஓட்ட மட்டும் விடமாட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வருத்தத்தை முகத்தில் காட்டவில்லை.

பர்மியத்தில் ஆனாதே என்று ஒரு சொல் உண்டு. எதிரே இருப்பவர் மனம் சங்கடப்படுமே என்று, சொல்ல வந்ததை விழுங்கிவிடுவது. தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் எனக்குத் தெரியவில்லை. மூன்று தலைமுறை இங்கே கிடந்ததில் அது எங்களுக்கும் ரத்தத்தில் ஏறிவிட்டது. ஏன் தூண் வேண்டாம் என்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஆனாதே, கேட்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் ஸயா ஓய்வு பெற்றார். அதே சமயத்தில் இரண்டு காரியம் நடந்தது. பினாங்கில் இருந்த அவருடைய தம்பி, தனக்குத் தெரிந்த ஒருவரிடம் பெரிய கொட்டகை இருக்கிறது, அங்கே இந்த மாதிரி விமானம் கட்டலாம், பறக்கவும் அனுமதி வாங்கலாம், வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். வாப்பாவின் குடைக்கடைப் பங்கை விற்ற பணமும் ஸயாவின் கைக்கு வந்தது. பத்து வருஷமாகக் காற்றில் கட்டியதை இனி உண்மையில் கட்டலாம். பாஸ்போர்ட் அவரிடம் தயாராக இருந்தது. நான் நீண்ட லீவு போட்டுப் பின்னால் போவதாகப் பேச்சு.

பட்டியலைக் கடைசியாகச் சரிபார்த்து அனுப்ப அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். கயிற்றை இழுத்தேன், ஸயாதான் சாவி இறக்கினார். அக்கா வெளியே போயிருக்கிறார் என்றார். எனக்கு ஆச்சரியம். நாங்கள் மூக்குச் சக்கரத்திலிருந்து வால் வரைக்கும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கும்போது அக்கா வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சு. முகம் வியர்த்து, சந்தனம்போல் பூசியிருந்த தனகா கரைந்து வழிந்தது. உட்காராமலே சொன்னார்.

"தன்லியின்ல ஒரு மனை பாத்துட்டு வர்றேன். ஆத்துப் பாலம் தாண்டி பஸ்ஸுல போனேன். தரையோட தரையா வீடு கட்டிக்கலாம். ரெண்டு ரூமு பக்கத்துல பக்கத்துல, தொட்டி மேல, பெரிய அடுப்பு, நீங்க சொன்ன மாதிரியே எல்லாம். இடம் தாராளமா இருக்கு."

மேசைமேல் விமானத்தின் படம் கிடந்தது. நான் ஸயாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி துடைத்தார். சொல்லுங்கள், இது அந்த வீடு இல்லை என்று சொல்லுங்கள் என்று நான் உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அக்காவின் முட்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"தரை எப்படி? தண்ணி நிக்குமா?"

அவ்வளவுதான். என் விமானம் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. அன்று படி இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. அக்காமேல் வந்த கோபம் லேசில் தீரவில்லை.

தன்லியின் வீட்டை ஸயா விமானம் கட்டுகிற மாதிரியே கட்டினார். ரங்கூன் ஓரத்து லைங் தாயாவில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து அலுமினியத் தகடு வாங்கி, கூரைக்கு நானும் அவருமாக ரிவெட் அடித்தோம். காற்று எவ்வளவு வேகத்தில் அடித்தால் கூரையை எத்தனை பவுண்டு தூக்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கு இரட்டிப்பாகச் சுவரோடு இழுத்துக் கட்டினார். எழும்ப வேண்டும் என்று பத்து வருஷம் கற்ற கணக்கையெல்லாம் எழும்பாமல் இருப்பதற்காகப் போட்டார். "ஸயா, இது வீடா ரயில் பெட்டியா?" என்று கொத்தனார் தலையில் கை வைத்தார். ஸயா ரிவெட்டுகள்மீது நகத்தை ஓட்டினார். எங்கேயும் தட்டவில்லை. விமானம் என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் என்னிடம் எடுத்ததே இல்லை. நானும் எடுக்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டு மே மாதத்துப் புயலில் அந்தத் தெருவில் மற்ற எல்லார் கூரையும் போயிற்று. பஸ் ஓடத் தொடங்கியதும் பதறிக்கொண்டு போனேன். தெரு முழுக்கத் தகரம். பாதி ஊர் ஸயாவின் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது, அக்கா பெரிய அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். ஸயா வெளியே தனியாக நின்று அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகரவே இல்ல, ஷண்முகம்" என்றார்.

சந்தோஷம்தான். ஆனால் அந்தக் குரலில் வேறொன்றும் இருந்தது.  அடுத்த வருஷம் அவர் மௌத்தானார். தூக்கத்தில், அந்தக் கூரைக்குக் கீழே.

கோ மின் எனக்கு அந்த இன்டர்நெட் பக்கத்தைக் கலரில் அச்சடித்துக் கொடுத்தான். எங்கள் பட்டியல்படியே நான் தேர்ந்தெடுத்தது. வெள்ளை நிறம், இறக்கையில் பெட்ரோல், பெரிய எஞ்சின், பக்கத்தில் பக்கத்தில் இருக்கை. போன வாரம் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தன்லியினுக்குப் பஸ் ஏறினேன்.  ஸயாவின் வீட்டில் கொஞ்ச நேரம் அது இருக்கட்டும் என்று பட்டது.

அக்கா ஜன்னல் ஓரத்தில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தார், என் மகன் மருமகள் கதை கேட்டார். கைக்குட்டை எடுக்கும்போது பையிலிருந்து தாள் விழுந்தது. அவர் எடுத்துப் பிரித்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தார்.

"இதுதானா வீடு?" என்றார்.



"அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

"எந்த ஊர்ல தம்பி வீட்டுத் திரைக்கு எத்தனை பவுண்டுன்னு கேப்பாங்க?" சிரித்தார். "அன்னைக்கே புரிஞ்சு போச்சு. அதுக்கு மேல நானும் சும்மா கூடக் கூடப் பேசினேன். எனக்கும் ஞாயித்துக்கிழமை பொழுது போவணும்ல?"

"அப்ப ஏன் மனை பாக்கப் போனீங்க?" நான் கேட்டது கோபமாகத்தான் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக் கோபம்.

அக்கா தாளை மடியில் வைத்துத் தடவினார்.

"ஆசதான். அந்தப் படி ஏறி இறங்கி என் முட்டி போச்சு. ஆனா கடைப் பணம் அவங்க வாப்பா பணம், அதுல கேக்க எனக்கு வாயில்ல. அவங்களா வந்து சொல்வாங்க, 'ஜொஹரா, இது இப்படி, நான் பினாங்குக்குப் போறேன்'னு சொல்வாங்கன்னு காத்துக்கிட்டு கெடந்தேன். சொல்லலே. சரி, சொல்ல வச்சுருவோம்னு மனை பாத்துட்டு வந்து சொன்னேன். 'அந்த வீடு இல்ல, இது வேற'ன்னு ஒரு வார்த்தை. அதுதான் தம்பி நான் கேட்டது. சொல்லியிருந்தா போயிட்டு வாங்கன்னு அனுப்பியிருப்பேன். அவங்க தரை எப்படின்னு கேட்டுட்டாங்க."

"ஆனாதே" என்றேன்.

"ஆமா. அவங்களுக்கு என்கிட்ட ஆனாதே. எனக்கு அவங்ககிட்ட ஆனாதே. அப்புறம் அஸ்திவாரம் போட்டாச்சு, என்னத்தப் பேச?"

வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். அவர் மறுபடி தாளைக் கையில் எடுத்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்ல, தம்பி. வலது ரூம்ல தூண் வேணாம், ஏற ஒரு படி வேணும்னு அன்னைக்கு அவ்வளவு நேரம் பேசினீங்களே. அது யாரு ரூமு?"

நான் படத்தைப் பார்த்தேன். இருபது வருஷமாக, பஸ்ஸில் நின்றும், ஹாங்கர் வாசலில் கையாட்டியும், தூக்கம் வராமல் புரண்டும், நான் உட்கார்ந்திருந்த இடம் அது. பிறகு அக்காவைப் பார்த்தேன். கணுக்கால்வரை கட்டிய தமேன், இங்கே பெண்கள் கட்டுகிற லுங்கி. நீட்டி வைத்த கால். வீங்கிய முட்டி. நடுவில் கம்பு நிற்காத இருக்கை, ஏறுவதற்கு ஒரு படி. பத்து வருஷம் கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு பவுண்டையும் எண்ணியவனுக்கு இது தெரியவில்லை.

"உங்க ரூம்தான் அக்கா" என்றேன்.

 அவர் படத்தில் வலது இருக்கை எது என்று விரலால் தேடினார், நான் காட்டினேன். விரலை அங்கே வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஜன்னல் பக்கமா?"

"ரெண்டு பக்கமும் ஜன்னல்தான் அக்கா."